படிக்கல் எடுத்த ஞாயிறு

எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. கோயிலில் பிரசங்கம் கொஞ்சம் நீண்டாலே வாசலில் விட்ட செருப்பு ஞாபகம் வந்துவிடும். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு திரிகிறவள் என்று ஆவூரில் என் பிறந்த வீட்டார் சொல்வார்கள். கல்யாணமாகி புதுக்கோட்டை டவுனுக்கு வந்தும், அன்னவாசல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு டீச்சராகப் போய்வரத் தொடங்கியும், பிள்ளை பெற்று வளர்த்தும் அந்தச் சக்கரம் கழலவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருகிறவர்களைக் கேட்டால் அந்த இம்சையைச் சொல்வார்கள்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கிருந்தது வழக்கமான பரபரப்பு இல்லை. முந்தின நாள் சாயங்காலமே சர்ச்சில் ஞாயிறு பூசைக்குப் போய்க் கடமையை முடித்துவிட்டேன். விடிவதற்கு முன்பே எழுந்து, வீட்டுக்காரர் எழுந்திருப்பதற்குள் இட்லியை ஊற்றி மூடிவைத்துவிட்டு, மகளுக்குப் பதினொன்றாம் வகுப்பில் பள்ளியில் கொடுத்த சைக்கிளை வெளியே எடுத்தேன். மகள் இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். சைக்கிள் மட்டும் வீட்டில் நிற்கிறது. முந்தின வாரம்தான் டயர் மாற்றி, எண்ணெய் விட்டு வைத்திருந்தேன்.

விஷயம் இதுதான். எங்கள் டவுனுக்குள் மீட்டர் கேஜ் ரயில் ஓடிய பழைய தடம் ஒன்று கிடக்கிறது. அகலப் பாதை வந்தபோது லைனைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள். தண்டவாளத்தையும் கட்டைகளையும் பெயர்த்துக்கொண்டு போன பிறகு, மண்மேடு மட்டும் ஆள் உயரத்துக்கு நீளமாக மிஞ்சியது. ரயில் மேடு என்போம். அதன் மேல் இப்போது நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஒரு பாதை போடப் போகிறார்கள். விளக்கு, பெஞ்சு, நிழல் மரம் எல்லாம் உண்டு. பாதுகாப்புக்காக இரண்டு பக்கமும் கம்பி வேலியும் உண்டு.

பாதை எனக்குப் பிடித்திருந்தது. வேலிதான் பிடிக்கவில்லை. எங்கள் தெரு மேட்டுக்குக் கிழக்கே இருக்கிறது. கடைவீதி, பஸ் ஸ்டாப்பு, ஆஸ்பத்திரி எல்லாம் மேற்கே. வேலி இடைவெளி இல்லாமல் வந்துவிட்டால் அந்தப் பக்கம் போக ரயில்வே சுரங்கப்பாதை வழியாக ஊரைச் சுற்ற வேண்டும். மழை பெய்தால் அந்தச் சுரங்கப்பாதையில் தண்ணீர் இடுப்பளவு நிற்கும். மற்றவர்கள் எப்படியோ சமாளிப்பார்கள். என் வீட்டுக்காரரால் முடியாது.

அவருக்கு இடது கால் குழந்தையிலேயே இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிவிட்டது. முழங்காலைக் கையால் அழுத்தி ஊன்றித்தான் நடப்பார். மேட்டுக்கு மேற்கே ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் ஒன்று முன்பு இருந்தது. சுரங்கப்பாதைத் தண்ணீரில் வண்டி சாய்ந்து அவரைப் போட்டு அமுக்கிய நாளோடு அதை விற்றுவிட்டார். அதற்குப் பிறகு மேடு ஏறி இறங்கித்தான் கடைக்குப் போகிறார். தெருவில் ஒரு பழைய வீடு இடித்தபோது கிடைத்த செம்புராங்கற்களை எல்லாரும் சேர்ந்து மேட்டின் இரண்டு சரிவிலும் படியாகப் பதித்திருந்தோம். உயரம் குறைவான, அகலமான படிகள். அவர் மெதுவாக ஏறி, மேலே நின்று மூச்சு வாங்கி, அந்தப் பக்கம் இறங்குவார். மத்தியானம் சாப்பிட வருவார். திரும்பப் போவார்.

வேலி பற்றிப் பேச்சு அடிபட ஆரம்பித்த நாளில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "வேலி வந்துச்சுன்னா கடையை யாருக்காச்சும் குடுத்துட்டு வீட்ல இருந்துருவேன்."

குழம்பில் உப்பு கம்மி என்று சொல்கிற குரலில்தான் சொன்னார். கடையில் இருக்கிற அவர் வேறு ஆள். பட்டா நகல் எடுக்க வருகிறவர், ஆதாரில் பேர் திருத்த வருகிறவர் என்று எதிரே ஒரு கூட்டம் நிற்கும். இவர் ஒருத்தரை அதட்டுவார், ஒருத்தரைக் கேலி செய்வார், இன்னொருத்தருக்கு எந்த ஆபீசில் யாரைப் பார்க்க வேண்டும் என்று வழி சொல்வார். வீட்டில் சும்மா இருந்தால் அந்த மனிதர் ஒரு மழைக்காலத்தைத் தாண்ட மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

நகராட்சியில் கூட்டம் போட்டபோது முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். இளவயது இன்ஜினியர் அம்மா ஒருவர் வந்திருந்தார். வெளியூர்க்காரர். நல்ல பொறுமைசாலி. நான் எழுந்து எங்கள் தெருவைப் பற்றிக் கேட்டதும் சொன்னார்: "ஜனங்க உண்மையிலேயே கடந்து போற இடம் எதுவோ, அங்க மட்டும் வேலியில வழி விடுவோம் டீச்சர். எல்லாத் தெருவுமே எங்களுக்கு வழி வேணும்னுதான் கேக்குறாங்க. நான் நேர்ல பாத்துட்டுத்தான் முடிவு பண்ணுவேன்."

அந்தக் கூட்டத்தில் ஊரின் சைக்கிள் குழுவை நடத்துகிற பல் டாக்டரும் இருந்தார். நேரில் பார்ப்பதென்றால் சைக்கிளிலேயே முழுத் தடத்தையும் பார்த்துவிடலாமே என்று அவர்தான் யோசனை சொன்னார். இன்ஜினியர் அம்மாவும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். நானும் வருகிறேன் என்றேன். அன்று சாயங்காலம் தெருவில் எல்லாரிடமும் சொன்னேன்: "ஞாயித்துக்கிழமை ஆபீசரம்மா சைக்கிள்ல வாராங்க. எல்லாரும் தெருவுல இருங்க." அவ்வளவுதான் சொன்னேன். இன்னும் நாலு வார்த்தை விளக்கமாகச் சொல்லியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

சைக்கிள் குழுவில் இருபது பேர் போல வந்திருந்தார்கள். ஹெல்மெட், கையுறை, கறுப்புக் கண்ணாடி. சைக்கிள் ஒவ்வொன்றும் ஒரு பைக் விலை இருக்கும். நடுவில் நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, முன்னால் கூடை வைத்த சைக்கிளோடு நின்றேன். ஒரு பெண் வந்து, "ஆன்ட்டி, தொண்ணூறுகள்ல நம்ம மாவட்டத்துல லேடீஸ் எல்லாரும் சைக்கிள் கத்துக்கிட்டாங்களாமே, நீங்களும் அப்பக் கத்துக்கிட்டதுதானா? அதப் பத்தி ஒரு நிமிஷம் பேசுங்களேன், ரீல்ஸ் போடுவோம்" என்றாள்.

"கத்துக்கிட்டோம்மா. தண்ணி தூக்கணும், அதுக்குக் கத்துக்கிட்டோம். கெளம்பலாமா?" என்றேன்.

பாவம், நல்ல பெண்தான். எனக்குத்தான் பொறுமையில்லை. கிளம்புவதற்கு முன் எல்லாரும் வரிசையாக நின்று ஒரு போட்டோ. டாக்டர் ஒரு சின்ன உரை. பிறகு ஒருவர் வரவில்லை என்று அவருக்குக் காத்திருப்பு. அப்போதுதான் இன்ஜினியர் அம்மா டாக்டரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அவருக்குப் பொன்னமராவதியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணமாம். முகூர்த்தத்துக்குள் போக வேண்டுமாம். எவ்வளவு தூரம் பார்க்க முடியுமோ பார்த்துவிட்டு, மீதியை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமாம்.

எங்கள் தெரு தடத்தின் கடைசியில் இருக்கிறது. அந்த இன்னொரு நாள் வராது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அரசாங்க வேலையில் இருக்கிற எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? இவர் மாற்றலாகிப் போவார், புதிதாக வருகிறவர் வரைபடத்தைப் பார்த்து வேலியைப் போட்டுவிடுவார். அந்த நிமிடத்திலிருந்து என் மனசு சைக்கிளுக்கு முன்னால் ஓட ஆரம்பித்தது.

மேடு ஏறியதும் முதலில் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் வீடுகளின் கொல்லைப்புறம். காயப்போட்ட துணி, கோழிக்கூண்டு, மாடியில் பல் தேய்க்கிறவர்கள். நாங்கள் போவதைப் பார்த்து ஒருவர் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே கையைத் தூக்கினார். அப்புறம் கருவேலங்காடு தொடங்கியது. தடத்தில் பழைய ஜல்லி, செம்மண், உடைந்த பீர் பாட்டில். ஜல்லியில் சக்கரம் நழுவி நழுவி ஓடியது. ஒரு மயில் எங்களுக்கு முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்தது. அதற்கு அவசரமில்லை. குழுவும் அதைப் படம் பிடிக்க நின்றுவிட்டது.

"மயிலு தெனமும் இங்கிட்டுதாங்க திரியும், அப்புறம் பாக்கலாம்" என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை.

முதல் பஞ்சர் ஒரு பேங்க் அதிகாரிக்கு. கருவேல முள். விலை அதிகமான சைக்கிளில் டயரும் மெலிசாக இருக்கும் போலிருக்கிறது. எல்லாரும் இறங்கிச் சுற்றி நின்றுகொண்டு, ஆளுக்கொரு யோசனை சொல்லி, சின்னச் சின்ன ஆயுதங்களை எடுத்து அந்தச் சக்கரத்தைக் கழற்றினார்கள். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடப்பது போல இருந்தது. நான் என் சைக்கிளைத் திருப்பி நிறுத்தினேன். மறுபடி திருப்பினேன். தண்ணீர் குடித்தேன். தாகமில்லை.

கொஞ்ச தூரம் போனதும் வாய்க்கால் மேல் இருந்த சின்னப் பாலம் இடிந்து கிடந்தது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கி ஏற வேண்டியிருந்தது. இன்ஜினியர் அம்மா அங்கே நின்று அளந்தார், படமெடுத்தார், கையிலிருந்த டேப்லெட்டில் ஏதோ குறித்தார். ஒவ்வொரு குறுக்குச் சந்திலும் இதே கதை. நின்று பார்ப்பார். யாராவது நடந்து வந்தால், "எங்க போறீங்க? தினமும் இதுலதான் போவீங்களா?" என்று கேட்பார். நியாயமான வேலைதான். எனக்கே பார்க்கத் திருப்தியாக இருந்தது. ஆனால் வெயில் ஏறிக்கொண்டே இருந்தது, அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார், நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நடுவில் டிபன். மேட்டோரமாக ஒரு வேப்பமரத்தடியில் பொங்கலும் வடையும் வரவழைத்திருந்தார் டாக்டர். எல்லாரும் துண்டை விரித்து உட்கார்ந்து, போன மாதம் நார்த்தாமலைக்கு ஓட்டிப் போன கதையைப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பாறை ஏறியது, இறங்கும்போது ஒருவருக்குக் கால் பிடித்துக்கொண்டது, அவரைத் தூக்கிக்கொண்டு வந்தது. சிரிப்பான சிரிப்பு. நான் நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

"உக்காருங்க டீச்சர்" என்றார் டாக்டர்.

"உக்காந்தா முட்டி பிடிச்சுக்கும் டாக்டர். நீங்க சாப்புடுங்க" என்று பொய் சொன்னேன்.

இன்ஜினியர் அம்மா கையைக் கழுவிவிட்டு என் பக்கம் வந்தார். "டீச்சர், நான் இதோட திரும்பிடலாமான்னு பாக்குறேன். கல்யாணத்துக்கு லேட்டாகுது."

எனக்குப் பேச்சு வந்தது, கொஞ்சம் அதிகமாகவே வந்தது. "மேடம், நீங்க கல்யாணத்துல பந்திக்குப் போனாப் போதும். எங்க தெரு இன்னும் ஒரு மைல்தான். எங்க தெருவுக்காகத்தான் நான் இந்த வயசுல ஜல்லியில உருண்டுகிட்டு வாரேன். நீங்க பாக்காமப் போனீங்கன்னா என் வீட்டுக்காரரு கடையை மூடிருவாரு." அவர் கால் பற்றியும் சொன்னேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. எனக்கு அது பிடிக்காது, ஆனாலும் வந்துவிட்டது.

இன்ஜினியர் அம்மா என்னைப் பார்த்தார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "வாங்க" என்றார்.

அந்த ஒரு மைலை நான் எப்படி மிதித்தேன் என்று தெரியவில்லை. என் மனசில் படம் தெளிவாக இருந்தது. இரண்டு சரிவிலும் தேய்ந்து பளபளக்கிற படிக்கற்கள். அவற்றில் ஏறி இறங்குகிற ஜனங்கள். மார்க்கெட்டுக்குப் பையோடு போகிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள். இன்ஜினியர் அம்மா ஒரு வார்த்தை கேட்கத் தேவையில்லை. பார்த்தாலே போதும்.

தெரு வந்தது. நான் பிரேக் பிடிக்க மறந்துவிட்டேன்.

மேட்டின் மேல் சின்னதாக ஒரு பந்தல் துணி கட்டியிருந்தார்கள். அதற்கடியில் பெரிய கோலம், அதில் "நல்வரவு" என்று கலர்ப் பொடியில் எழுத்து. பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு ஸ்டூலில் சந்தனம், குங்குமம், கற்கண்டு, பன்னீர்ச் செம்பு. எங்கள் தெருவின் ரிட்டயர்டு கண்டக்டர் வெள்ளை வேட்டியில் பொன்னாடையோடு நின்றார். தெருவுக்குத் தலைவர் போல அவர்தான். பக்கத்தில் நாலைந்து பேர். மற்ற எல்லாரும் கீழே அவரவர் வீட்டுச் சுவரோரம் குளித்து, தலைசீவி, ஒழுங்காக நின்றார்கள். எப்போதும் மேட்டில் மேய்கிற ஆடுகள் ஒன்றுகூட இல்லை. துணிக் கொடிகள் இல்லை.

படிகளும் இல்லை.

எங்கள் பக்கச் சரிவை எட்டிப் பார்த்தேன். கல் இருந்த இடத்தில் மண்ணைப் போட்டு நிரவி, தண்ணீர் தெளித்து, சமமாக இழுத்துவிட்டிருந்தார்கள். அதன் மேல் குரோட்டன்ஸ் குச்சிகளை வேறு வரிசையாக நட்டுவைத்திருந்தார்கள். அந்தப் பக்கச் சரிவும் அப்படியே. அங்கே ஒரு வழி இருந்ததற்கே சுவடு இல்லை.

கண்டக்டர் பொன்னாடை போர்த்தினார். நன்னாரி சர்பத் வந்தது. இன்ஜினியர் அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, "எவ்ளோ சுத்தமா வச்சிருக்கீங்க! இவ்ளோ தூரம் வந்ததுல இந்த இடம்தான் நீட்டா இருக்கு" என்றார். தெருவே பூரித்துப் போனது. பிறகு அவர் கேட்டார்: "இங்க யாராச்சும் மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போவாங்களா?"

"சேச்சே! அதெல்லாம் கெடையாதுங்க மேடம்" என்றார் கண்டக்டர். "இது ரயில்வே எடம். எங்க தெரு ஆளுக அங்கிட்டுக் கால் வைக்க மாட்டாங்க."

இன்ஜினியர் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இந்த அம்மா நம்மிடம் கதை விட்டிருக்கிறாள் என்ற அலுப்புதான் இருந்தது. டேப்லெட்டை எடுத்தார்.

என் பக்கத்து வீட்டுத் தையல்காரப் பெண் சர்பத் தட்டோடு நின்றாள். அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். "படி எங்கடி?"

"கத்தாதீங்க டீச்சரக்கா. ரயில்வே எடத்துல கல்லு போட்டிருந்தா கேஸு போடுவாங்களாம்ல. கண்டக்டர் மாமா சொன்னாரு. நீங்க கெளம்பிப் போனதும் எல்லாரும் சேந்து பேத்து எங்க கொல்லையில அடுக்கிட்டோம்."

"படியைக் காட்டத்தானடி அவங்களக் கூட்டியாந்தேன்!"

"பெரிய ஆபீசரு வாராங்க, இங்கிட்டு அசிங்கமாக் கெடக்க வேணாமேன்னுதான் எடுத்தோம். நாளைக்கு விடியக்காலையில திரும்பப் போட்டுருவோம்க்கா. அண்ணனுக்குத்தான் இன்னைக்குக் கடை லீவாச்சே, ஒரு நாளைக்கு என்னன்னு நெனச்சோம்."

என்ன சொல்வது? எங்கள் ஆட்கள் அப்படித்தான். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் தினமும் புழங்குகிற பாயைச் சுருட்டி ஒளித்துவிடுவோம். நானும் யோக்கியம் இல்லை. பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்‌ஷன் அன்று உடைந்த பெஞ்சுகளை ஓர் அறையில் போட்டுப் பூட்டிவிட்டு, பெஞ்சு தரவில்லை என்று வருடம் பூராவும் புலம்புகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அவர்கள் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. பந்தலை இழுத்துக் கீழே போட வேண்டும் போலிருந்தது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இன்ஜினியர் அம்மாவை நோக்கி நடந்தேன். கீழே நின்ற முகங்கள் எல்லாம் என்னையே பார்த்தன. கண்டக்டர் லேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. அவர்தான் கற்களைக் கொண்டுவந்து முதல் படியைப் பதித்தவர். கேஸ் என்று வந்தால் அவருக்குத்தான். நான் நின்றுவிட்டேன். இன்ஜினியர் அம்மா ஹெல்மெட் வாரைக் கட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது கீழே எங்கள் வீட்டுக் கதவு திறந்தது.

அவர் வெளியே வந்தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கைலியோடுதான் இருப்பார். அன்று கடைக்குப் போகிற பேண்ட், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கையில் கடைப் பை. கதவைச் சாத்தினார். முழங்காலை அழுத்தி அழுத்தி, யாரையும் பார்க்காமல், நேராக மேட்டின் அடிக்கு வந்தார்.

கல்லைப் பெயர்த்தது எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்தான், சத்தம் கேட்டிருக்கும். படி இல்லை என்று அவருக்குத் தெரியும். கடைக்கு லீவு என்று எனக்குத் தெரியும். எதற்கு வருகிறார் என்று புரிந்துவிட்டது.

"அண்ணே, இன்னைக்கு வேணாம்ணே" என்று கீழே யாரோ சொன்னார்கள். அவர் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். நின்றபடி ஏற முயன்றார். நனைந்த மண்ணில் நல்ல கால் வழுக்கியது. சரிந்து, ஊன்றிக்கொண்டார். நான் பாதிச் சரிவு வரை ஓடிவிட்டேன். அவர் தலையைத் தூக்கி, "நீ இரு" என்றார். அதட்டவில்லை. ஆனால் அந்தக் குரலுக்கு மேல் ஓர் அடி வைக்க முடியவில்லை.

பிறகு திரும்பி, மேட்டுக்கு முதுகைக் காட்டி, மண்ணில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, உடம்பைத் தூக்கி, ஒரு சாண் மேலே வைத்தார். வலது காலை உதைத்து மறுபடி ஒரு சாண். சூம்பிய கால் பின்னாலேயே இழுபட்டு வந்தது. குரோட்டன்ஸ் குச்சிகள் அவர் முதுகுக்குக் கீழே ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. சட்டை முழுக்கச் செம்மண். சர்பத் டம்ளரோடு நின்றவர்கள் அப்படியே நின்றார்கள். டாக்டர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது, கோபமாக இருந்தது, அழுகையாக இருந்தது. இதற்கு நடுவிலும் என் கண் இன்ஜினியர் அம்மாவின் முகத்துக்குப் போய்ப் போய் வந்தது. அவர் பார்க்கிறாரா என்று. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

மேலே வந்ததும் ஒரு நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்றார். மூச்சு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"வணக்கம் மேடம். நான் டீச்சரோட வீட்டுக்காரர். எனக்கு அங்கிட்டு ஜெராக்ஸ் கடை இருக்கு. இன்னைக்கு லீவுதான். ஆனா நாளைக்கு இப்படித்தான் போகணும், அதனால காட்டிட்டுப் போலாம்னு வந்தேன்."

இன்ஜினியர் அம்மா அவர் ஏறி வந்த சரிவை எட்டிப் பார்த்தார்.

"இவங்களைத் தப்பா எடுத்துக்காதீங்க. இன்னைக்குக் காலை வரைக்கும் இங்க படி இருந்துச்சு. இந்தத் தெருவே அதுலதான் போகும் வரும். நீங்க வர்றீங்கன்னு ஒரு மரியாதைக்கு எடுத்துட்டாங்க."

கண்டக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு, "கல்லு நான் போட்டதுங்க மேடம்" என்றார். "கேஸு கீஸுன்னா எம் மேல போட்டுக்குங்க."

"யாருங்க கேஸ் போடப் போறா?" என்றார் இன்ஜினியர் அம்மா. "எங்க வழி இருக்குன்னு கேக்கத்தானே நான் வந்தேன்? இருக்குற வழியை மூடி வச்சுட்டு எனக்குச் சர்பத் குடுக்குறீங்களே!" கட்டியிருந்த ஹெல்மெட் வாரை அவிழ்த்தார். டேப்லெட்டில் வரைபடத்தைத் திறந்து, எங்கள் தெரு இருக்கிற இடத்தில் விரலை வைத்துப் பெரிதாக்கினார். "சார், இங்க வழி விடாம வேலி வராது. படியில்ல, சாய்தளமே கேக்குறேன். ஆனா மேல இருக்கிறவங்க செலவு எதுக்குன்னு கேப்பாங்க. சும்மா எழுதினாப் பத்தாது."

டாக்டர் தயங்கித் தயங்கி போனை எடுத்தார். "ஒரு படம் இருந்தா..." என்றார்.

"வேண்டாம் டாக்டர்" என்றேன். சத்தமாகவே சொன்னேன். எங்கள் வீட்டில் கல்யாண ஆல்பம் முதல் மகளின் பட்டமளிப்புப் படம் வரை எதிலும் அவர் இடுப்புக்குக் கீழே தெரியமாட்டார். நாற்காலிக்குப் பின்னால் நிற்பார், இல்லாவிட்டால் என் புடவை முந்தானைக்குப் பின்னால். நானும் எந்தப் படத்திலும் இடது பக்கம் அவரை ஒட்டியே நின்று பழகியவள்.

"எடுக்கட்டும்" என்றார் அவர்.

நாற்காலியைத் தள்ளி வைத்தார். குனிந்து, இடது கால் பேண்ட்டை முழங்காலுக்கு மேலே சுருட்டினார். செம்மண் ஒட்டிய அந்த மெல்லிய காலை, கல்யாணமான நாளிலிருந்து நான் ஒருத்தி மட்டும் பார்த்திருந்த காலை, இருபது பேருக்கும் முழுத் தெருவுக்கும் முன்னால் வெயிலில் நீட்டி வைத்தார்.

"காலும் தெரியுற மாதிரி எடுங்க டாக்டர்."

நான் ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன், பழக்கப்படி, இடது பக்கம்.

"கொஞ்சம் தள்ளிக்க" என்றார். "மறைக்குது."